லைட்டுக்கு எதிர்ச்சொல் எது? பேச்சு ஆங்கிலத்தில் எதிர்ச்சொற்களைப் பிடிக்க ஒரு வழி

பிக் – ஸ்மால், ஹாட் – கோல்டு, ஓல்டு – நியூ, ஹார்டு – சாஃப்ட். இந்தப் பட்டியலை நம்மில் பலரும் சின்ன வகுப்பிலேயே மனப்பாடம் செய்துவிட்டோம். கேட்டால் இப்போதும் தூக்கத்தில்கூடச் சொல்வோம். ஆனால் எதிரே ஒருவர் நின்று ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தால் அந்தப் பட்டியல் கை கொடுப்பதில்லை. உங்கள் ஞாபகசக்தியில் ஒரு குறையும் இல்லை. பட்டியல் பாதியைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

சேலம் அஸ்தம்பட்டியில் என் வீட்டு மாடியில் மாலை வேளையில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்கள் எல்லாம் வேலைக்குப் போகிறவர்கள், அல்லது போகப்போகிறவர்கள். ஏற்காட்டுக்குச் சவாரி அடிக்கும் டிரைவர்கள், செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக்கடைகளில் நிற்கும் தம்பிகள், நர்சிங் முடிக்கப்போகும் பெண்கள், நாகலூர்ப் பக்கம் ஒரு ஹோம்ஸ்டேயில் வேலை பார்க்கும் அண்ணனும் தங்கையும். இவர்களுக்கு நான் முதல் வாரமே சொல்லிவிடுவது இதைத்தான்: பிக், ஓல்டு மாதிரி ஒரு பெயரடையைத் தனியாக வைத்துக்கொண்டு அதற்கு எதிர்ச்சொல் தேடாதீர்கள். அது எந்தப் பெயர்ச்சொல்லோடு சேர்ந்து நிற்கிறது என்று பாருங்கள். எதிர்ச்சொல் அந்தச் சேர்க்கைக்குத்தான் உண்டு.

தமிழில் இதை நாம் யோசிக்காமலே செய்கிறோம். பச்சைக்கு எதிர் என்ன என்று யாராவது கேட்டால் முழிப்போம். ஆனால் பச்சைத்தண்ணிக்கு எதிர் சுடுதண்ணி, பச்சரிசிக்குப் புழுங்கலரிசி, பச்சை மிளகாய்க்கு வரமிளகாய் என்று மளிகைக் கடையில் நிற்கும் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். ஆங்கிலமும் அப்படியேதான் ஓடுகிறது. 'ஓல்டு மேன்' என்றால் எதிர்ப்பக்கம் 'யங் மேன்'. 'ஓல்டு பஸ்' என்றால் 'நியூ பஸ்'. 'ஓல்டு ஃபிரெண்டு' என்றால்? வயசான நண்பர் என்று எடுத்துக்கொண்டு 'யங் ஃபிரெண்டு' என்பார்கள் பலர். நீண்ட நாள் பழகியவர் என்பதே வழக்கமான பொருள், அதற்கு எதிர் 'நியூ ஃபிரெண்டு'. அதே ஓல்டைப் பின்னால் கொண்டுபோய் 'மை ஃபிரெண்டு இஸ் ஓல்டு' என்றால் வயசுதான், அங்கே எதிர் யங். சொல் ஒன்றுதான், நிற்கும் இடம் மாறினால் எதிராளியும் மாறிவிடுகிறார்.

நோட்டில் எழுதும் முறை

ஒரு சாதாரணக் கோடு போட்ட நோட்டு போதும். பக்கத்தின் தலைப்பில் பெயரடையை எழுத வேண்டாம், பெயரை எழுதுங்கள். ரோடு என்று ஒரு பக்கம், மழை என்று ஒரு பக்கம், காபி, ரூம், விலை, வலி என்று உங்கள் வேலையில் தினமும் வாயில் வரும் பொருள்களாக இருக்கட்டும். ஒவ்வொரு பக்கத்திலும் நடுவே ஒரு கோடு இழுத்து, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் அதன் எதிர். எழுதும்போது பெயரையும் சேர்த்தே முழுதாக எழுத வேண்டும். 'ஹெவி' என்று மட்டும் எழுதினால் அந்த நோட்டும் பழையபடி பள்ளிக்கூடப் பட்டியல் ஆகிவிடும்.

ஏற்காடு சவாரி போகும் டிரைவருக்கு ரோடு பக்கம் எப்படி இருக்கும் என்று பார்க்கலாம். அடிவாரத்தில் இருந்து மேலே போகும் பெரிய பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். வளைவு 'ஷார்ப் பெண்டு' என்றால் எதிர் 'ஜென்டில் பெண்டு'. கத்தி ஷார்ப் என்றால் எதிர் 'பிளன்ட்', ஆனால் பிளன்ட் பெண்டு என்று ஒன்று கிடையாது. ஏற்றம் 'ஸ்டீப்', அதன் எதிரும் 'ஜென்டில்'தான். பாதை 'வைடு' அல்லது 'நேரோ'. 'பிக் ரோடு, ஸ்மால் ரோடு' என்றால் புரிந்துகொள்வார்கள். ஆனால் எதிரே பஸ் வந்தால் ஒதுங்க இடம் இருக்குமா என்பதுதான் வண்டியில் இருப்பவரின் கவலை. அதற்குப் பதில் 'நேரோ' என்ற சொல்லில்தான் இருக்கிறது. தார் பெயர்ந்து கிடந்தால் 'ரஃப்', புதிதாகப் போட்டிருந்தால் 'ஸ்மூத்'. போக்குவரத்து 'ஹெவி' – 'லைட்'. மழையும் 'ஹெவி' – 'லைட்'. காற்று மட்டும் ஹெவி ஆகாது. 'ஸ்ட்ராங் விண்டு', எதிர்ப்பக்கம் 'லைட் விண்டு'. மூடுபனி 'திக் ஃபாக்', அது கலைந்து மெலிந்தால் 'லைட் மிஸ்ட்'. பகோடா பாயின்டில் நின்று கீழே பார்க்கும்போது 'கிளியர் வியூ' கிடைத்தால் அதிர்ஷ்டம், கிடைக்காத நாளில் 'ஹேஸி' என்று சொல்லுங்கள். வானம் கிளியர் என்றால் எதிர் 'கிளவுடி'. வழி சொல்வது கிளியர் என்றால் எதிர் 'கன்ஃபியூசிங்'.

இந்த ஒரு பக்கத்தைச் சரியாக எழுதி முடித்த டிரைவர், அடிவாரத்தில் இருந்து ஏரி வரை பேசிக்கொண்டே போகலாம். இதை நான் நம்பிக்கையோடு சொல்கிறேன். அகலத்தைப் பற்றி இன்னொரு வார்த்தை. வைடுக்கும் பிராடுக்கும் எதிர் ஒன்றே, நேரோ. ஆனால் இரண்டும் எல்லா இடத்திலும் மாற்றிப்போட முடியாது. ரயிலில் 'பிராட் கேஜ்', 'நேரோ கேஜ்'. நம் சேலம்–விருத்தாசலம் பாதை மீட்டர் கேஜாக இருந்து பிராட் கேஜ் ஆனது. அதை யாரும் வைடு கேஜ் என்று சொல்லவில்லை. மனசு பரந்தவர் 'பிராட் மைண்டட்', குறுகியவர் 'நேரோ மைண்டட்'. இதற்குக் காரணம் தேட வேண்டாம், அப்படியே நோட்டில் ஏறட்டும்.

லைட், ஹார்டு, ஹாட்

எதிரிகள் அதிகம் உள்ள சொல் லைட். பை லைட் என்றால் எதிர் 'ஹெவி'. இளம்பிள்ளைப் புடவைக் கடையில் 'லைட் புளூ' என்றால் எதிர் 'டார்க் புளூ'. 'லைட் மீல்' என்றால் 'ஹெவி மீல்'. தூக்கம் லைட் என்றால் எதிர் 'டீப் ஸ்லீப்'. ஆனால் சின்னச் சத்தத்துக்கே விழித்துக்கொள்பவர் 'லைட் ஸ்லீப்பர்', இடி விழுந்தாலும் எழாதவர் 'ஹெவி ஸ்லீப்பர்'.

டீக்கடையில் நாம் 'லைட்டா ஒண்ணு, ஸ்ட்ராங்கா ஒண்ணு' என்கிறோம். நம் ஊருக்கு அது சரி, மாற்றத் தேவையில்லை. வெளிநாட்டு விருந்தாளியிடம் பேசும்போது மட்டும் ஸ்ட்ராங்குக்கு எதிராக 'வீக்' என்று சொல்லப் பழகுங்கள். 'வீக் டீ' என்பது அவர்கள் காதுக்கு இயல்பானது. டீயைக் குறை சொல்வதாக ஆகாது. காபியில் லைட் என்று சொன்னால் இன்னொரு குழப்பமும் வரும். ஏற்காட்டுத் தோட்டத்துக் காபியை வாங்க வருகிறவர்கள் வறுப்பைப் பற்றிக் கேட்பார்கள்: 'லைட் ரோஸ்ட்', 'டார்க் ரோஸ்ட்'. அது கொட்டையை எவ்வளவு கருக வறுத்தார்கள் என்பது. டம்ளரில் டிகாக்ஷன் எவ்வளவு ஊற்றினார்கள் என்பது 'ஸ்ட்ராங்', 'வீக்'. லைட் ரோஸ்ட் கொட்டையில் ஸ்ட்ராங் காபி போட முடியும், டார்க் ரோஸ்டில் வீக் காபியும் போட முடியும். இரண்டு அளவுகோல்கள், இரண்டு ஜோடிகள். காபி விற்கிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும்.

ஹார்டு: தண்ணீர் என்றால் எதிர் 'சாஃப்ட்'. போர் தண்ணீரில் சோப்பு நுரைக்கவில்லை, குழாயில் வெள்ளையாகப் படிகிறது என்றால் அது 'ஹார்டு வாட்டர்', கால்சியமும் மெக்னீசியமும் கரைந்திருப்பதால். மெத்தை ஹார்டு என்றாலும் எதிர் சாஃப்ட். பரீட்சை ஹார்டு என்றால் எதிர் 'ஈஸி'. சாஃப்ட் எக்ஸாம் என்று எழுதிக்கொண்டு வந்த பிள்ளைகள் உண்டு. முட்டைக்கு வந்தால் கவனம் வேண்டும். 'ஹார்டு பாயில்டு' என்றால் ஓட்டோடு நன்றாக வெந்தது, 'சாஃப்ட் பாயில்டு' என்றால் ஓட்டோடு வெந்து, மஞ்சள்கரு இன்னும் இளகி இருப்பது. நம் ஊர் ஹாஃப் பாயில் இது எதுவுமே இல்லை, அது கல்லில் உடைத்து ஊற்றுவது. ஹோம்ஸ்டேயில் காலை நேரத்தில் 'சாஃப்ட் பாயில்டு ப்ளீஸ்' என்று கேட்டவருக்கு ஹாஃப் பாயில் போய் நின்றால், அவர் தட்டைப் பார்ப்பார், நீங்கள் அவர் முகத்தைப் பார்ப்பீர்கள். ஹாஃப் பாயிலை அவர்களிடம் 'ஃபிரைடு எக், ரன்னி யோக்' என்று சொல்லுங்கள். ரன்னிக்கு எதிர் 'ஃபர்ம்'.

ஹாட். இந்த ஒரு சொல்லில்தான் சாப்பாட்டு மேசையில் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். விருந்தாளி சட்னிக் கிண்ணத்தைக் காட்டி 'இஸ் இட் ஹாட்?' என்கிறார். சட்னி ஆறிப்போய் இருக்கிறது, பையன் 'நோ சார், நாட் ஹாட்' என்கிறான். அவர் ஒரு கரண்டி அள்ளிப் போட்டுக்கொள்கிறார். மிளகாய் வேலையைக் காட்டுகிறது. உணவு விஷயத்தில் ஹாட்டுக்கு இரண்டு எதிர்: சூடு என்றால் 'கோல்டு', காரம் என்றால் 'மைல்டு'. சந்தேகம் வந்தால் நீங்களே பிரித்துச் சொல்லிவிடுங்கள்: 'இட்ஸ் நாட் வார்ம், பட் இட்ஸ் ஸ்பைஸி.' இந்த ஒரு வாக்கியத்தைப் பரிமாறுகிற எல்லாரும் மனப்பாடமாக வைத்துக்கொள்ளலாம்.

தண்ணீர் கேட்டால் 'கூலிங் ஆர் நார்மல்?' என்று கேட்பது நம் வழக்கம். அவர்களுக்கு நார்மல் வாட்டர் என்றால் விளங்காது, அப்நார்மல் வாட்டர் எது என்று யோசிப்பார்கள். 'கோல்டு' ஒரு பக்கம், 'ரூம் டெம்பரேச்சர்' மறுபக்கம். குளிக்க என்றால் 'ஹாட் வாட்டர்', 'கோல்டு வாட்டர்'.

கெட்டிக் கொலுசு

வெள்ளிக்கடைத் தம்பி ஒருவர் வகுப்பில் சொன்ன விஷயம் இது. லண்டனில் பிறந்து வளர்ந்த பெண் ஒருவர், பாட்டியோடு கொலுசு வாங்க வந்திருக்கிறார். ஒரு ஜோடியைக் கையில் எடுத்து 'இஸ் இட் சாலிட்?' என்று கேட்டிருக்கிறார். தம்பிக்குக் கெட்டி என்றால் திக். பார்க்கவும் அது தடியாகத்தான் இருந்தது. 'எஸ் மேடம், வெரி திக்' என்றிருக்கிறார். அந்தப் பெண் மறுபடியும் 'யெஸ், பட் இஸ் இட் சாலிட்?' என்கிறார். தம்பியும் மறுபடி திக் என்கிறார். கடைசியில் பாட்டிதான், 'உள்ளே கூடா, கெட்டியான்னு கேக்குறாப்பா' என்று எடுத்துக்கொடுத்திருக்கிறார்.

அன்று வகுப்பு முழுக்க அந்தக் கொலுசைப் பற்றித்தான். அந்த ஒரு பொருளில் மூன்று தனித்தனி ஜோடிகள் இருக்கின்றன. தடிமன் என்றால் 'திக்' – 'தின்'. எடை என்றால் 'ஹெவி' – 'லைட்'. உள்ளே வெள்ளி நிறைந்திருக்கிறதா, வெறும் கூடா என்றால் 'சாலிட்' – 'ஹாலோ'. கூடு வைத்த கொலுசு திக்காக இருக்கலாம், கூடவே லைட்டாகவும் இருக்கலாம். சாலிட் கொலுசு மெல்லிசாகவும் இருக்கலாம். வெள்ளி எடைக்கு விற்கும் பொருள் என்பதால் காசு இரண்டாவது ஜோடியில், அந்தப் பெண் கேட்டதோ மூன்றாவது ஜோடியை. நம் கெட்டி என்ற சொல் திக், சாலிட் இரண்டுக்கும் பொதுவாக இருப்பதால் வந்த சிக்கல். கெட்டித் தயிர் 'திக் கர்டு', கெட்டிக் கொலுசு 'சாலிட் ஆங்க்லெட்'. தயிர் தண்ணியாக இருந்தால் 'தின்' அல்லது 'வாட்டரி', கொலுசு கூடாக இருந்தால் 'ஹாலோ'. அதே கொலுசைப் பாலிஷ் போட்டால் 'ஷைனி', கறுத்துவிட்டால் 'டல்' அல்லது 'டார்னிஷ்டு'. அந்தத் தம்பியின் நோட்டில் கொலுசு பக்கம் இப்போது இரண்டு பக்கமாக நீண்டுவிட்டது. எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் சந்தோஷமாக இருக்கிறது.

நடுவில் இடம் இருக்கிறதா?

ஜோடியை எழுதியதும் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இரண்டுக்கும் நடுவில் ஏதாவது நிற்க முடியுமா? ஹாட்டுக்கும் கோல்டுக்கும் நடுவில் வார்ம், கூல் என்று படிகள் இருக்கின்றன. சேலத்தில் ஏப்ரல் மத்தியானம் 'ஹாட்'. அதே நேரத்தில், கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் மரநிழலில் உட்கார்ந்தால் 'கூல்'. டிசம்பர் ராத்திரியில் 'கோல்டு'. கூல் பெரும்பாலும் சுகமான குளிர்ச்சி, கோல்டு என்றால் போர்வை தேட வைப்பது. குளிர் நாட்டுக்காரர் 'இட்ஸ் நைஸ் அண்ட் வார்ம்' என்றால் பாராட்டுகிறார். உடனே ஓடிப்போய் ஃபேனைப் போட வேண்டாம். இப்படிப் படிகள் உள்ள ஜோடியில் 'நாட் ஹாட்' என்றால் கோல்டு என்று ஆகிவிடாது. 'வெரி ஹாட்', 'வெரி கோல்டு' இரண்டும் சரி.

இன்னொரு வகையில் நடுவே இடமே இல்லை. கதவு 'ஓப்பன்' அல்லது 'ஷட்'. ரூம் 'வேகன்ட்' அல்லது 'ஆக்குபைடு'. 'அலைவ்' – 'டெட்'. 'மேரீடு' – 'சிங்கிள்'. இங்கே ஒன்று இல்லை என்றால் மற்றது என்றே பொருள், முன்னால் வெரியும் போடுவதில்லை. மே மாதக் கோடை விழா சமயத்தில் ரூம் எல்லாம் நிரம்பிவிட்டால் 'வெரி ஃபுல்' வேண்டாம், 'கம்ப்ளீட்லி ஃபுல்' அல்லது 'ஃபுல்லி புக்டு' என்று சொல்லுங்கள். கடை மூடியிருந்தால் 'க்ளோஸ்டு', கடைசியில் அந்த 'டு' கட்டாயம். 'த ஷாப் இஸ் க்ளோஸ்' என்று எழுத்தில் போட்டால் கடை பக்கத்தில் இருக்கிறது என்று ஆகிவிடும். லைட்டும் ஃபேனும் ஓப்பன், க்ளோஸ் ஆவதில்லை, 'ஆன்', 'ஆஃப்'.

கேள்வி கேட்கும்போது எந்தப் பக்கம்?

தமிழில் உயரம், நீளம், ஆழம், வயசு என்று அளவுக்கே தனிப் பெயர்கள் இருப்பதால் 'எவ்வளவு ஆழம்?' என்று கேட்டுவிடுகிறோம். ஆங்கிலத்தில் ஜோடியில் ஒன்றைப் பிடித்து 'ஹவ்' சேர்க்கிறார்கள், பெரும்பாலும் பெரிய பக்கத்தை. 'ஹவ் டீப் இஸ் த லேக்?', 'ஹவ் டால்?', 'ஹவ் லாங்?', 'ஹவ் ஃபார்?'. பிறந்து பத்து நாளான குழந்தைக்கும் 'ஹவ் ஓல்டு'தான். பதிலும் அப்படியே: 'ஷி இஸ் டென் டேஸ் ஓல்டு'. இந்தக் கேள்விகளில் ஓல்டு, டீப் எல்லாம் வெறும் அளவுகோல்.

மறுபக்கத்தைப் பிடித்துக் கேட்டால் அது சும்மா கேட்கிற கேள்வி இல்லை. 'ஹவ் ஷாலோ இஸ் த லேக்?' என்று ஒருவர் கேட்டால், ஆழம் குறைவு என்று ஏற்கெனவே கேள்விப்பட்டிருக்கிறார். டிரைவர்களுக்கு இது முக்கியம். 'ஹவ் இஸ் த ரோடு?' என்றால் பொதுவாகக் கேட்கிறார். 'ஹவ் பேட் இஸ் த ரோடு?' என்றால் மோசம் என்று யாரோ சொல்லி, பயத்தோடு வந்திருக்கிறார். இரண்டாவது கேள்விக்கு 'குட் ரோடு சார்' என்று ஒற்றை வார்த்தையில் முடித்தால் பயம் போகாது. எங்கே நேரோ, எங்கே வைடு, எங்கே வண்டியை நிறுத்திக் காற்று வாங்கலாம் என்று சொல்லுங்கள். வெப்பம் மட்டும் விதிவிலக்கு. 'ஹவ் ஹாட்' என்றால் வெயில் என்று எண்ணிக் கேட்பது, 'ஹவ் கோல்டு' என்றால் குளிர் என்று எண்ணிக் கேட்பது. எதையும் முடிவு செய்யாமல் கேட்க 'வாட்ஸ் த வெதர் லைக்?' போதும்.

கசப்பான பக்கத்தைச் சொல்லும் விதம்

என் வகுப்பில் நான் அதிக நேரம் செலவழிப்பது இதில்தான். ஜோடியில் ஒரு பக்கம் இனிப்பு, மறுபக்கம் கசப்பு. க்ளீன் – டர்ட்டி, சீப் – எக்ஸ்பென்சிவ், இன்ட்ரஸ்டிங் – போரிங். ஆங்கிலத்தில் நயமாகப் பேசுகிறவர்கள் பல நேரம் கசப்பான சொல்லைத் தொடுவதே இல்லை. நல்ல பக்கத்தை எடுத்து, முன்னால் 'நாட் வெரி' வைத்துவிடுவார்கள். 'த பாத்ரூம் இஸ் நாட் வெரி க்ளீன்' என்று விருந்தாளி சொன்னால், கொஞ்சம் அழுக்காக இருக்கிறது என்று அசட்டையாக இருந்துவிடாதீர்கள். அவர் கண்ணுக்கு அது டர்ட்டிதான், உங்கள் மனம் நோகாமல் சொல்கிறார். உடனே ஆளை அனுப்புங்கள். நம் வீட்டிலும் 'சாம்பார் நல்லா இல்லை' என்பதற்குப் பதில் 'நேத்து வெச்சது இன்னும் நல்லா இருந்துச்சு' என்று சொல்லும் மாமனார்கள் இருக்கிறார்களே, அந்த நாசூக்குதான்.

கசப்பான சொல்லையே சொல்ல வேண்டி வந்தால் முன்னால் 'எ பிட்' சேர்க்கலாம். 'எ பிட் எக்ஸ்பென்சிவ்', 'எ பிட் கோல்டு', 'எ பிட் நாய்ஸி'. இதை நல்ல பக்கத்தோடு சேர்க்கக்கூடாது. 'எ பிட் க்ளீன்', 'எ பிட் பியூட்டிஃபுல்' எல்லாம் காதில் இடறும். ஒப்பிட்டுச் சொல்லும்போது மட்டும் சேரும்: 'எ பிட் க்ளீனர்', 'எ பிட் சீப்பர்'. 'டூ'வும் கசப்புப் பக்கத்துச் சொல். 'டூ ஹாட்' என்றால் ரொம்பச் சூடு மட்டும் இல்லை, தாங்க முடியாத சூடு, வேண்டாம் என்ற பொருள் உள்ளே இருக்கிறது. நல்லதைச் சொல்ல 'வெரி' அல்லது 'ரியலி' போதும்.

'நாட் பேட்' என்று ஒருவர் சொன்னால் முகம் வாட வேண்டாம், பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது என்று பொருள். 'நாட் குட்' மட்டும் நேராக மோசம்தான். இரண்டும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருந்தாலும் வேலை செய்வது வேறு மாதிரி.

விலை பேசும்போது: பொருள் 'சீப்', 'எக்ஸ்பென்சிவ்', விலை என்ற சொல்லோடு 'லோ', 'ஹை'. 'த பிரைஸ் இஸ் ஹை' என்று சொல்வதே நல்லது. உங்கள் கடைச் சரக்கை நீங்களே சீப் என்று சொல்லாதீர்கள், மட்டமான சரக்கு என்றும் அது ஒலிக்கும். 'இன்எக்ஸ்பென்சிவ்', 'ரீசனபிள்' என்று சொல்லுங்கள். ஆளைப் பற்றி என்றால் இன்னும் கவனம். ஒல்லியான பெண்ணை 'ஸ்லிம்' என்றால் பாராட்டு, 'ஸ்கின்னி' என்றால் குத்தல். குள்ளம், குண்டு, கறுப்பு, சிவப்பு பற்றியெல்லாம் விருந்தாளியிடம் எந்தச் சொல்லும் வேண்டாம்.

'டல்' பற்றித் தனியாகச் சொல்லியே தீர வேண்டும். 'ஏன் டல்லா இருக்கீங்க?' என்று நாம் அன்போடுதான் கேட்கிறோம். அதை அப்படியே 'ஒய் ஆர் யூ டல்?' என்று ஆங்கிலத்தில் கேட்டால், ஏன் இப்படிச் சப்பென்று இருக்கிறாய், ஏன் மந்தமாக இருக்கிறாய் என்று அவருக்குப் போய்ச் சேரும். நாம் நினைப்பது 'டயர்டு' அல்லது 'எ பிட் லோ'. 'யூ லுக் எ பிட் டயர்டு' என்றால் அன்பு அன்பாகவே போகும். டல்லுக்கு எதிர் நிறத்தில் 'பிரைட்', பேச்சில் 'இன்ட்ரஸ்டிங்', வலியில் 'ஷார்ப்'.

வலி என்றதும் நர்சிங் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். நோயாளி 'ஷார்ப் பெயின்' என்றால் சுருக்கென்று குத்துகிற வலி, 'டல் பெயின்' என்றால் விடாமல் மந்தமாக இருந்துகொண்டே இருப்பது. டல் என்று சொல்லிவிட்டாரே, சின்ன வலி என்று எழுதிவிடக் கூடாது. 'அக்யூட்'டுக்கு எதிர் 'க்ரானிக்': திடீரென்று வந்தது ஒன்று, நீண்ட நாளாக இருப்பது மற்றது. எவ்வளவு கடுமை என்பது வேறு ஜோடி, 'சிவியர்' – 'மைல்டு'. மூச்சு 'டீப்' – 'ஷாலோ'. இருமல் வறண்டது என்றால் 'டிரை', சளியோடு என்றால் பேச்சில் 'செஸ்டி'. பரிசோதனை முடிவு 'நெகடிவ்' என்றால் தேடியது இல்லை என்று பொருள், பெரும்பாலும் அது நல்ல செய்தி. பெரியவர்களிடம் நெகடிவ் என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் கலங்கிவிடுவார்கள். 'நெகடிவ், தட்ஸ் குட் நியூஸ்' என்று சேர்த்துச் சொல்லுங்கள், பாப்பா என்று அவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

முன்னொட்டுகள்

அன், இன், டிஸ் என்று முன்னால் ஒட்டினால் எதிர்ச்சொல் வந்துவிடும் என்பது பெரும்பாலும் சரி. சில இடங்களில் ஏமாற்றும். நெடுஞ்சாலையில் போகும் டேங்கர் லாரிகளின் பின்னால் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று இருக்கும். ஃப்ளேமபிள், இன்ஃப்ளேமபிள் இரண்டுக்கும் சுலபமாகத் தீப்பிடிக்கும் என்பதே பொருள். பிடிக்காது என்றால் 'நான் ஃப்ளேமபிள்'. 'இன்வேல்யுபிள்' என்றால் மதிப்பில்லாதது அல்ல, மதிப்பிட முடியாத அளவுக்கு உயர்ந்தது, மதிப்பில்லாதது 'வொர்த்லெஸ்'. 'அன்இன்ட்ரஸ்டட்' ஆர்வம் இல்லாதவர், 'டிஸ்இன்ட்ரஸ்டட்' என்றால் பக்கம் சாராதவர் என்பது கவனமாக எழுதுகிறவர்களின் வழக்கம். இப்போதைக்கு இவை போதும்.

எப்படிப் பழகுவது

முதல் வாரத்துக்கு உங்கள் தொழிலில் இருந்து ஆறு பெயர்கள் எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் வேண்டாம். டிரைவர் என்றால் ரோடு, மழை, வளைவு, வண்டி, வியூ, டிராஃபிக். கடை என்றால் விலை, எடை, நிறம், டிசைன், தரம், கூட்டம். வீட்டில் இருப்பவர்களுக்குச் சமையலறையே போதும்: மாம்பழ சீசனில் ஒரு மல்கோவாவையும் ஒரு கிளிமூக்குக் காயையும் மேசையில் வைத்துக்கொண்டு 'ரைப்' – 'அன்ரைப்', 'ஸ்வீட்' – 'சவர்', 'சாஃப்ட்' – 'ஃபர்ம்', 'ஜூஸி' – 'டிரை' என்று வாய்விட்டுச் சொல்லலாம். மாங்காயை நம் நாட்டில் 'ரா மேங்கோ' என்கிறோம், நம்மவர்களிடம் அது செல்லும். வெளியூர்க்காரருக்கு ரா என்றால் முதலில் வேகாதது என்றே தோன்றும், அதன் எதிர் 'குக்டு'. அவர்களிடம் 'கிரீன் மேங்கோ' என்று சொல்லுங்கள். ரொட்டியும் பன்னும் 'ஃபிரெஷ்' – 'ஸ்டேல்', மீன் 'ஃபிரெஷ்' – 'ஃபுரோசன்', தண்ணீர் 'ஃபிரெஷ் வாட்டர்' – 'சால்ட் வாட்டர்' என்று அப்புறம் ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம்.

சந்தேகம் வந்தால் அகராதியைத் திறங்கள். மாணவர்களுக்கென்றே வரும் ஆங்கில–ஆங்கில அகராதிகளில் ஒரு சொல்லின் ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் அதற்குரிய எதிர்ச்சொல்லைத் தனித்தனியாகக் குறித்திருப்பார்கள். சொல்லுக்கு ஒரே எதிர்ச்சொல் போட்டிருக்கும் கையடக்கப் புத்தகத்தை நம்ப வேண்டாம். போனில் தேடினாலும் பெயரையும் சேர்த்தே தேடுங்கள்.

வாரக் கடைசியில் ஒருவரோடு ஒருவர் உட்கார்ந்து நோட்டை மாற்றிக்கொள்ளுங்கள். ஒருவர் பெயரோடு சேர்த்து ஒரு பக்கத்தைச் சொல்ல வேண்டும், மற்றவர் எதிர்ப்பக்கத்தை அதே பெயரோடு சொல்லி, அதை வைத்து ஒரு முழு வாக்கியமும் சொல்ல வேண்டும். 'ஹெவி ரெயின்' என்று அவர் சொன்னால், 'இட்ஸ் ஒன்லி லைட் ரெயின், வி கேன் கோ டு பகோடா பாயின்ட்' என்று நீங்கள். ஒற்றைச் சொல்லைப் பதிலாகச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், வாக்கியம் வரும்வரை விடாதீர்கள். ஆறு பக்கமும் தடையில்லாமல் வந்த பிறகு அடுத்த ஆறு பெயர்களுக்குப் போகலாம். வராத பக்கத்தை அடுத்த வாரமும் அப்படியே தொடருங்கள்.